பாவம், தீர்ப்பு, இரக்கம்: மேரேஜ் கோர்ஸ் சீட்டுல வர்ற கேள்விகளுக்கு பதில்கள்

நம்ம புதுச்சேரி-கடலூர் பக்கம் கோயில்ல கல்யாணம் பண்ணிக்கணும்னா முதல்ல மேரேஜ் கோர்ஸ் முடிக்கணும், அந்த கோர்ஸ்ல உதவி பண்ற ஆள் நான். ஃபாதர் இல்ல, குடும்பஸ்தன். நேர்ல கேக்க வெக்கப்படுவாங்கன்னு பேர் போடாம சீட்டுல எழுதி பொட்டியில போடச் சொல்வோம், பிரிச்சி பாத்தா பாதிக்கு மேல செக்ஸ், பாவம், மன்னிப்பு இதைச் சுத்தியேதான் இருக்கும். கிளாஸ்ல டைம் பத்தாது, அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களை இங்க எழுதி வைக்கிறேன். நான் கத்தோலிக்கன், அதனால அந்தப் பக்கத்து விஷயம்தான் ஜாஸ்தி இருக்கும்.

செக்ஸ்னாலே பாவம்னுதானே கோயில்ல சொல்றாங்க?

இல்லங்க. கல்யாணத்தை ஏழு அருட்சாதனத்துல (கடவுளோட அருள் வர்ற புனிதச் சடங்குகள்ல) ஒண்ணா வச்சிருக்கற திருச்சபை அதுக்குள்ள நடக்கற உறவை எப்படி அசிங்கம்னு சொல்லும். பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதம் 7ஆம் அதிகாரத்தை எடுத்து பாருங்க, மனைவி உடம்பு மேல கணவனுக்கு உரிமை உண்டுன்னு சொல்லிட்டு அதே மூச்சுல கணவன் உடம்பு மேல மனைவிக்கு உரிமை உண்டுன்னு சொல்றாரு, அந்தக் காலத்துல இந்த ரெண்டாவது பாதியை சொல்றது அபூர்வம். கல்யாணத்துக்கு வெளிய நடந்தா பாவம்ங்கறது போதனை, அதுல கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாரும் நம்ம ஊர்ல ஒரே மாதிரிதான் சொல்றாங்க. அதை மழுப்ப எனக்கு இஷ்டம் இல்ல. ஆனா பாவம்னு சொல்றது ஒரு வேலை, அந்த ஆளுக்கு தீர்ப்பு எழுதறது வேற வேலை, ரெண்டாவது நம்ம கையில குடுக்கப்படல. கீழ இருக்கற எல்லா பதிலும் இதுலேந்துதான் வருது.

பாவத்துலயே இதுதான் பெரிய பாவமா?

கிடையாது, இது ஏதோ இப்ப வந்த புதுக் கருத்தும் இல்ல. 590லேந்து 604 வரைக்கும் போப்பா இருந்த பெரிய கிரகோரியாரே உடல் பாவத்துல குற்றம் குறைவு, வெக்கம்தான் அதிகம்னு சொல்லியிருக்காரு, 13ஆம் நூற்றாண்டுல தாமஸ் அக்குவினாசும் அவரைக் காட்டி ஆவிக்குரிய பாவங்கதான் கனமானதுன்னு எழுதினாரு. 2021 டிசம்பர்ல கிரேக்க நாட்டுலேந்து திரும்பறப்ப பிளேன்ல பத்திரிகைக்காரங்க கேட்டதுக்கு போப் பிரான்சிஸ் சொன்னதும் இதேதான், உடல் பாவம் இருக்கறதுலயே கடுமையான பாவம் இல்ல, ஆணவமும் வெறுப்பும்தான் அதை விட கடுமையானதுன்னு.

இயேசு யார் மேல கோவப்பட்டாருன்னு பாருங்களேன். மத்தேயு 23 முழுக்க வெளிவேஷக்காரங்களைத்தான் வறுத்து எடுக்கறாரு. 21ல வரி தண்டறவங்களும் விலைமாதர்களும் உங்களுக்கு முன்னாடி இறையாட்சிக்குள்ள போவாங்கன்னு குருக்கள் முகத்துக்கு நேராவே சொல்றாரு. 25ல கடைசி தீர்ப்பு வருது, அங்க பசிக்கு சோறு போட்டியா, ஜெயில்ல வந்து பாத்தியான்னுதான் கேள்வி.

நம்ம ஊர்ல என்ன நடக்குது? வரதட்சணை 1961லேந்தே சட்டப்படி குற்றம், இத்தனை பவுன், இன்ன கார்னு பேரம் பேசி பொண்ணு வீட்டுக்காரங்களை கடன்ல தள்ளினவரு அடுத்த ஞாயித்துக்கெழமை முதல் வரிசையில நின்னு நன்மை (பூசையில குடுக்கற நற்கருணை அப்பம்) வாங்குறாரு, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. காதலிச்சி தப்பு பண்ணின பையனையும் பொண்ணையும் பத்தி மட்டும் பூசை முடிஞ்சி மெழுகுவர்த்தி கடை வரைக்கும் பேச்சு போவுது. இது எனக்கு நெஜமாவே வலிக்கிற விஷயம்.

விபசாரத்துல பிடிபட்ட பெண்ணை இயேசு விட்டுட்டாரே, அப்ப அது தப்பு இல்லன்னுதானே அர்த்தம்?

யோவான் 8ஆம் அதிகாரம். சீட்டுல அதிகமா வர்றதும் இதுதான், தப்பா புரிஞ்சிக்கப்படறதும் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

விடியக்காலையில கோவில்ல உக்காந்து இயேசு போதிச்சிக்கிட்டு இருக்காரு, ஒரு பெண்ணை இழுத்துக்கிட்டு வந்து நடுவுல நிக்க வைக்கறாங்க. கையும் களவுமா பிடிச்சோம்னு சொல்றாங்க. அப்படி பிடிச்சிருந்தா அங்க இன்னொருத்தன் இருந்திருக்கணும் இல்லையா? லேவியர் 20:10, இணைச்சட்டம் 22:22 ரெண்டுலயும் ஆணையும் பெண்ணையும் சேர்த்துதான் தண்டிக்கணும்னு இருக்கு. ஆளை விட்டுட்டு வந்துட்டாங்க. சட்டத்தை தூக்கிக்கிட்டு வந்தவங்களே சட்டத்துல பாதியை வழியில போட்டுட்டாங்க. அதுவும் அந்தப் பெண்ணோட ஒழுக்கத்து மேல அக்கறைப்பட்டு வரல, இயேசுவை மாட்டி விடணும்னு வந்தாங்கன்னு அங்கயே எழுதியிருக்கு, அவ அவங்களுக்கு ஒரு தூண்டில் புழு அவ்வளவுதான்.

அவரு குனிஞ்சி தரையில எழுதறாரு. என்ன எழுதினாருன்னு யோவான் சொல்லல, அவங்கவங்க பாவத்தை எழுதினாருன்னு பிரசங்கத்துல கேட்டிருப்பீங்க, அது யூகம். பாவம் இல்லாதவன் முதல் கல்லை போடட்டும்னு சொல்றாரு, வயசானவங்கலேந்து ஆரம்பிச்சி ஒவ்வொருத்தரா கழண்டுக்கறாங்க. எல்லாரும் போனப்பறம்தான் அவகிட்ட பேசறாரு, நானும் உன்னை தீர்ப்பிடல, போ, இனிமே பாவம் பண்ணாதன்னு.

இந்த கடைசி வரியைத்தான் ஆளாளுக்கு பாதி பாதியா பிச்சிக்கறாங்க. எதுவும் தப்பு இல்லன்னு சொல்றவங்க முதல் பாதியை மட்டும் எடுத்துக்கறாங்க, கண்டிப்பு பேசறவங்க ரெண்டாவதை மட்டும் எடுத்துக்கறாங்க. நான் வரிசையை பாக்கச் சொல்றேன். நீ திருந்தினா உன்னை தீர்ப்பிட மாட்டேன்னு அவரு சொல்லல. மன்னிப்பு முன்னாடி வந்துடுச்சி, புது வாழ்க்கை அதுக்கு பின்னாடி வருது.

இன்னொரு விஷயம். இந்தப் பகுதி 4ஆம் நூற்றாண்டு சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள்ல இல்ல, அதனால பல பைபிள்ல அடைப்புக்குறி போட்டிருப்பாங்க, யாராவது காட்டினா பயப்படாதீங்க, திருச்சபை இதை இறைவார்த்தையாத்தான் ஏத்துக்கிட்டு இருக்கு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தவக்காலத்து 5ஆம் ஞாயிறு வாசகமே இதுதான். இதைப் படிச்சா பொண்டாட்டிங்களுக்கு துளிர் விட்டுடும்னு பயந்து யாரோ எடுத்துட்டாங்கன்னு புனித அகுஸ்தினார் நெனச்சாரு. அந்தக் கணிப்பு சரியோ தப்போ, அப்படி பயப்படற ஆம்பளைங்க அந்தக் காலத்துலயும் இருந்தாங்கன்னு தெரியுது.

அப்ப ஏன் எப்பவும் பொண்ணு மேலயே பழி?

ஏன்னா நாம பைபிளை விட ஊர் வழக்கத்தை கெட்டியா பிடிச்சிக்கிட்டோம். சட்டமே அப்படித்தான் இருந்துச்சி. 1869ல வந்த கிறிஸ்தவங்களுக்கான டைவர்ஸ் சட்டத்துல மனைவி தப்பு பண்ணினா அது ஒண்ணே போதும், புருஷன் கேஸ் போடலாம். புருஷன் தப்பு பண்ணினா மனைவிக்கு அது மட்டும் பத்தாது, கூடவே கொடுமைப்படுத்தினான், ரெண்டு வருஷம் விட்டுட்டு போனான், இந்த மாதிரி இன்னொண்ணையும் நிரூபிக்கணும். 2001ல திருத்தற வரைக்கும் 130 வருஷத்துக்கு மேல நம்ம பாட்டிங்க, அம்மாங்க இந்த சட்டத்துக்கு கீழதான் இருந்தாங்க.

மகதலா மரியாளை எடுத்துக்கோங்க. அவங்க விலைமாதுன்னு சுவிசேஷத்துல எங்கயும் இல்ல. 591ல மேல சொன்ன அதே கிரகோரியார் ஒரு மறையுரையில லூக்கா 7ல பேர் இல்லாம வர்ற பாவியான பெண்ணையும் இவங்களையும் ஒரே ஆள்னு சேர்த்துட்டாரு, அது அப்படியே ஒட்டிக்கிச்சி. உயிர்த்த ஆண்டவரை முதல்ல பாத்து சீடர்களுக்கு போய் சொன்னவங்க அவங்க. 2016ல போப் பிரான்சிஸ் ஜூலை 22ஐ அப்போஸ்தலர்களுக்கு உள்ள மாதிரி விழாவா உயர்த்தினாரு. ஆனா நம்ம பிரசங்கத்துல இன்னும் பழைய கதைதான் ஓடுது.

மத்தேயு முதல் அதிகாரத்துல இயேசுவோட வம்சவரிசையில தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவின்னு நாலு பெண்கள் வர்றாங்க, ஊர் வாய்க்கு மாட்டியிருந்தா என்ன பேசியிருக்கும்னு நீங்களே யோசிச்சிக்கோங்க. பத்சேபா பேரைப் போடாம உரியாவின் மனைவின்னு போட்டதுல தாவீது அடுத்தவன் பொண்டாட்டியை எடுத்துக்கிட்டது பளிச்சின்னு தெரியுது. அதே அதிகாரத்துல யோசேப்பு மரியா மேல சந்தேகம் வந்தப்பகூட ஊர் முன்னாடி அவமானப்படுத்தக் கூடாது, அமைதியா விலகிடலாம்னு நெனச்சாரு, அப்படி நெனச்சவரைத்தான் பைபிள் நீதிமான்னு சொல்லுது. மாப்பிள்ளைங்க இதை ரெண்டு தடவை படிங்க.

எங்களுக்குள்ள கல்யாணத்துக்கு முன்னாடியே நடந்துடுச்சி. கோயில்ல கல்யாணம் பண்ணி வைப்பாங்களா? வெள்ளை டிரஸ் போடலாமா?

பண்ணி வைப்பாங்க. பாவசங்கீர்த்தனம் (ஃபாதர்கிட்ட பாவத்தை சொல்லி மன்னிப்பு வாங்கறது) பண்ணிட்டு வாங்க, அவ்வளவுதான். வெள்ளை கவுனோ வெள்ளைப் பட்டோ யாருக்கும் டெஸ்ட் ரிசல்ட் இல்ல. தாராளமா கட்டுங்க.

பொண்ணு மாசமா இருந்தா என்னன்னு கேக்கறாங்க. அதுவும் தடை இல்ல. ஆனா இங்க ஒண்ணு கவனிங்க, மானம் போவுதுன்னு ரெண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்து மிரட்டி அவசர அவசரமா ஓலை (கோயில்ல கல்யாண அறிவிப்பு) வாசிக்க வைக்கறது நடக்குது. பலவந்தத்தாலயோ பெரிய பயத்தாலயோ குடுத்த சம்மதம் செல்லாதுன்னு திருச்சபைச் சட்டம் 1103 சொல்லுது, அப்படி நடந்த கல்யாணம் கல்யாணமே இல்ல. அவளுக்கு இஷ்டம் இல்லன்னா ஒரு பாவத்தை மறைக்க அவ வாழ்க்கையையே பலி குடுக்காதீங்க. புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கறதுக்கு அப்பா அம்மா தாலி கட்டியிருக்கணும்னு எந்த சட்டமும் கிடையாது. தனியா புள்ள பெத்த அம்மாங்களை திருப்பி அனுப்பற குருக்களை போப் பிரான்சிஸ் கார்டினலா இருந்தப்பவே கடுமையா திட்டியிருக்காரு.

பாவசங்கீர்த்தனத்துல இதெல்லாம் எப்படி வாய் விட்டு சொல்றது? ஃபாதர் வெளிய சொல்லிட்டா?

சொல்ல முடியாது. சட்டம் 983 படி அந்த ரகசியத்தை எந்த காரணத்துக்காகவும் உடைக்கக் கூடாது, நேரடியா உடைச்சா அந்த நொடியே சபை விலக்கம். நம்ம குரல் ஃபாதருக்கு தெரியும்னு கூச்சமா இருந்தா வேற ஊருக்கு போங்க, கடலூர் ஓ.டி.லேந்து பஸ் ஏறி வில்லியனூர் மாதா கோயிலுக்கு போய் சொல்லிட்டு வர்றவங்க எத்தனையோ பேரு, அதுல தப்பே இல்ல. வேளாங்கண்ணிக்கு போறவங்க பாதி பேரு மனசுல இதுதான் இருக்கும்.

என்ன பாவம், சுமாரா எத்தனை தடவை, கல்யாணம் ஆனவரா இல்லையா, இவ்வளவு போதும். கதையா விவரிக்க வேணாம். கூட இருந்தவங்க பேரை சொல்ல வேணாம், ஃபாதர் கேக்கவும் கூடாது, சட்டம் 979ல தெளிவா இருக்கு. யாராவது தேவையில்லாம தோண்டித் தோண்டி கேட்டா பதில் சொல்லாம எழுந்து வந்துடலாம், வேற ஃபாதர்கிட்ட போகலாம். இதை கிளாஸ்ல சொன்னா சில பெண்கள் முகத்துல ஒரு நிம்மதி வரும், இத்தனை வருஷம் யாரும் அவங்களுக்கு சொன்னதில்ல. பாவசங்கீர்த்தன தொட்டி (ஃபாதர் உக்காந்து பாவத்தை கேக்கற கூண்டு) சித்திரவதைக் கூடமா இருக்கக் கூடாதுன்னு போப் பிரான்சிஸ் 2013ல எழுதினாரு.

ஒரு குருவே அந்தப் பாவத்துல பங்காளியா இருந்தா? அவரு உங்களுக்கு குடுக்கற பாவமன்னிப்பு செல்லாது, சாகக் கெடக்கற நேரம் தவிர. சட்டம் 977. மன்னிப்பைக் காட்டி ஒருத்தரை கைக்குள்ள வச்சிக்க முடியாதபடிக்குத்தான் இந்த சட்டம். அப்படி யாராவது உங்களை வளைக்கப் பாத்தா ஆயர் இல்லத்துக்கு எழுதுங்க.

நாங்க சி.எஸ்.ஐ. / பெந்தெகொஸ்தே, எங்களுக்கு பாவசங்கீர்த்தனம் இல்லையே?

ஆராதனையில எல்லாரும் சேர்ந்து சொல்ற பாவ அறிக்கை இருக்கு, உங்க சபை ஐயர்கிட்ட, அதாவது போதகர்கிட்ட, தனியா பேசவும் செய்யலாம். லுத்தர் தனி பாவ அறிக்கையை ஒழிக்கல, கட்டாயத்தைத்தான் எடுத்தாரு, லுத்தரன் சபைக்காரங்களுக்கே இது பல பேருக்கு ஞாபகம் இல்ல. சில சபைகள்ல மைக் முன்னாடி நிக்க வச்சி சொல்லச் சொல்றாங்க, அது எனக்கு சரியா படல. மத்தேயு 18ல முதல்ல தனியா பேசு, கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேரோட போ, கடைசியாத்தான் சபைன்னு வரிசை இருக்கு, எடுத்த எடுப்புல சபைக்கு கொண்டுவர்றவங்க அந்த வரிசையை தலைகீழாக்கறாங்க. கொரிந்து சபையில அப்பாவோட மனைவியோட வாழ்ந்தவனை வெளிய அனுப்புங்கன்னு பவுல் சொன்னாரு உண்மைதான். ஆனா ரெண்டாவது கடிதம் 2ஆம் அதிகாரத்துல, தண்டிக்கப்பட்ட ஒருத்தன் துக்கத்துல மூழ்கிப் போயிடக் கூடாது, மன்னிச்சி தேத்துங்கன்னும் அவரேதான் எழுதினாரு.

2018ல சுப்ரீம் கோர்ட்டே கள்ள உறவு குற்றம் இல்லன்னுடுச்சே?

ஆமா, இந்திய தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவை செப்டம்பர் 27ல ரத்து பண்ணிச்சி. போலீஸ் பிடிக்காதுன்னு அர்த்தம், கடவுள்கிட்ட பாவம் இல்லன்னு அர்த்தம் இல்ல. பொண்டாட்டியை புருஷன் சொத்து மாதிரி வச்ச சட்டம் அது, போனது நல்லதுதான்.

மொபைல்ல ஆபாசப் படம் பாக்கற பழக்கம் விடவே முடியல.

பாவம்தான், மத்தேயு 5:28. ஆனா பழக்கம், பதட்டம், முதிர்ச்சி இல்லாமை இதெல்லாம் பொறுப்பை குறைக்கும்னு திருச்சபையோட மறைக்கல்வி நூலே 2352ல சுயஇன்பத்தை பத்தி சொல்றப்ப சொல்லுது. விழுந்தா எழுந்திருங்க, ராத்திரி போனை வேற ரூம்ல சார்ஜ் போடுங்க, கட்டிக்கப் போறவங்ககிட்ட மறைக்காதீங்க.

டைவர்ஸ் ஆனவங்க நன்மை வாங்கக் கூடாதா?

இது பெரிய தப்பான தகவல், எத்தனை பேரு இதனால கோயில் பின்பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருக்காங்க. கோர்ட்ல டைவர்ஸ் ஆகி தனியா இருக்கறவங்க தாராளமா நன்மை வாங்கலாம். முதல் கல்யாணம் செல்லாதுன்னு திருச்சபை தீர்ப்பு இல்லாம மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களுக்குத்தான் சிக்கல், அவங்க நிலைமையையும் ஒவ்வொண்ணா ஆராஞ்சி கூட நடக்கணும்னு 2016ல போப் பிரான்சிஸ் எழுதினாரு. மறைமாவட்ட தீர்ப்பாயத்துல மனு குடுக்கலாம், முன்னாடி ரெண்டு தீர்ப்பு ஒத்து வரணும், 2015 டிசம்பர்லேந்து ஒண்ணே போதும். பங்குசாமியாரைப் போய் பாருங்க.

எனக்கு ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்பு. நான் நரகத்துக்குத்தான் போவேனா?

இந்த சீட்டை எழுதினவரு பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தாரு, பேப்பர் ஓட்டை விழுந்துடுச்சி. தம்பி, ஈர்ப்பு இருக்கறது பாவம்னு திருச்சபை சொல்லல. உடல் உறவு ஆண் பெண் கல்யாணத்துக்குள்ளதான்னு போதனை இருக்கு, அதை நான் உங்ககிட்ட மறைக்கல. ஆனா அதே மறைக்கல்வி 2358ல மரியாதை, பரிவு, கனிவோட ஏத்துக்கணும், அநியாயமா ஒதுக்கற எந்த அடையாளமும் கூடாதுன்னு இருக்கு, அதை எந்த பிரசங்கத்துலயும் நான் கேட்டதில்ல. 2023 டிசம்பர் 18ல வந்த வத்திக்கான் அறிக்கை கல்யாணம் மாதிரி தெரியாத அளவுல ஒரே பால் ஜோடிகளுக்கு ஆசீர் குடுக்கலாம்னுச்சி, அதே வருஷம் நவம்பர்ல திருநங்கைகள் ஞானஸ்நானம் வாங்கலாம்னு வத்திக்கான் குடுத்த பதில் வெளிய வந்துச்சி.

பெத்தவங்களுக்கு: கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்னு ஒரு பொண்ணு தலையில கட்டாதீங்க, அது அந்தப் பொண்ணுக்கு பண்ற துரோகம். வீட்டை விட்டு துரத்தாதீங்க.

இரக்கம்னா எல்லாத்தையும் மூடி மறைக்கணுமா? குழந்தைகிட்ட தப்பா நடந்தவரையும் மன்னிக்கணுமா?

மூடவே கூடாது. மேல எழுதினதெல்லாம் பெரியவங்க ரெண்டு பேரு சம்மதத்தோட பண்ற பாவத்தை பத்தி. குழந்தை மேல கை வைக்கறது பாவம் மட்டும் இல்ல, குற்றம். 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவு படி தெரிஞ்சவங்க கண்டிப்பா போலீஸ்ல சொல்லணும், சொல்லாம இருந்தா அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க. சபை பேர் கெட்டுடும், பாவம் அவருக்கும் குடும்பம் இருக்குன்னு பேசறவங்க இரக்கத்தை தப்பான ஆளுக்கு குடுக்கறாங்க. சிறியவருக்கு இடறல் பண்றவன் கழுத்துல எந்திரக்கல்லை கட்டி கடல்ல தள்ளறதே அவனுக்கு நல்லதுன்னு சொன்னவரு இயேசுதான். 2019லேந்து திருச்சபைக்குள்ளயும் குருக்களும் துறவியரும் இப்படி தெரிஞ்சா மேல புகார் சொல்லியே ஆகணும்.

பாதிக்கப்பட்டவங்க நிறைய பேரு இதை தங்களோட பாவம்னு தொட்டியில போய் சொல்றாங்க. உங்ககிட்ட பாவமே இல்ல. சொல்லி மன்னிப்பு வாங்க அங்க எதுவும் இல்ல.

எங்க அன்பியத்துல (பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேர்ந்து கூடற ஜெபக் குழுவுல) ஒருத்தங்க தப்பு பண்றாங்கன்னு தெரியுது, நான் என்ன பண்றது?

உங்களுக்கு அவங்க மேல உரிமை இருக்கற அளவுக்கு நெருக்கமா? அப்படின்னா தனியா, சாந்தமா பேசுங்க, கலாத்தியர் 6:1ல நீயும் சோதனையில விழாம பாத்துக்கன்னு சேர்த்து எழுதியிருக்கு. நெருக்கம் இல்லன்னா ஜெபம் பண்ணிட்டு சும்மா இருங்க. வாட்ஸாப் குரூப்ல ஜெப விண்ணப்பம்ங்கற பேர்ல போடாதீங்க, அது புறணி.

எல்லாம் சொல்லி பாவமன்னிப்பு வாங்கிட்டேன், ஆனா மன்னிப்பு கெடச்சிச்சான்னே நம்ப முடியல, மறுபடி மறுபடி போய் அதையே சொல்றேன்.

ஒரு தடவை சொன்னது போதும்ங்க, மன்னிக்கப்பட்டதை மறுபடி சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அகுஸ்தினார் கல்யாணம் இல்லாம ஒரு பெண்ணோட பல வருஷம் வாழ்ந்து புள்ளையும் பெத்தவரு, அப்பறம் ஹிப்போவுக்கு ஆயர் ஆனாரு. ஒரே ஃபாதரை வச்சிக்கோங்க, ஊர் ஊரா மாத்தாதீங்க, அவரு இதை இனிமே சொல்லாதன்னா கேளுங்க. அதுக்கப்பறமும் தூக்கம் வரல, சாப்பாடு எறங்கல, அதே நெனப்பு சுத்தி சுத்தி வருதுன்னா அது பாவம் இல்ல, நோயா இருக்கலாம், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, காலையில சீக்கிரமா போய் ஓ.பி. சீட்டு போட்டுக்கோங்க, தனியா போக பயமா இருந்தா கோர்ஸ்ல எங்ககிட்ட சொல்லுங்க, யாராவது கூட வர்றோம்.